அக்காவுக்கு நான் ஏன் பால் ஊற்ற விடவில்லை

எங்கள் அக்கா எங்களை விட்டுப் பிரிந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் பங்காளிகள், மாமன் மச்சான்மார், சம்பந்தி வீட்டார், அக்காவின் அருமை தெரிந்த ஊர்க்காரர்கள் அனைவருக்கும் என் வணக்கம். பின்னால் வரும் பேச்சு உங்களில் சிலருக்குக் கசக்கும். அதனால் மரியாதையை முதலிலேயே செய்து முடித்துவிட்டேன்.

நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் படித்தவன் இல்லை. அச்சாபீஸ்காரர், "ஒரு வித்துவானை வைத்து அழகாக இரங்கற்பா எழுதி வாங்கிடலாம் முதலாளி" என்றார். வித்துவானுக்கு அக்காவைத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆகவே நானே எழுதுகிறேன். எழுத்துப் பிழையை அவர் திருத்தட்டும். சங்கதியில் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் தாளைக் கொடுத்தேன்.

அக்கா பிறந்தது சேவுகம்பட்டியில். ஒரு கிணறும் அதைச் சுற்றிக் கொஞ்சம் தோட்டமும் உள்ள குடும்பம். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அக்கா பாவாடை தாவணியில் இருந்தார். நான் அவர் இடுப்பில் இருந்தேன். சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஊர் நிறைய ஆட்கள் இருந்தார்கள். கிணற்றில் தண்ணீர் இறைக்க ஒருவரும் வரவில்லை. அக்காவே இறைத்தார். அவரே கத்தரிக்காய் பறித்துக் கூடையில் வைத்து வத்தலக்குண்டு சந்தைக்குச் சுமந்து போனார். பெண் கேட்டு வந்தவர்களிடம், "எந்தம்பியும் கூட வருவான். அவனுக்கும் சேத்துச் சோறு போடுறதா இருந்தாப் பேசுங்க" என்றார். வந்த பலர் தாம்பூலத்தை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். கடைசியில் அதே ஊரில் ஒரு நல்ல மனுசன் சம்மதித்தார். மச்சான் அதிக நாள் இருக்கவில்லை. ஒரு மகளைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அக்கா மறுபடியும் கிணற்றடிக்குப் போனார்.

அக்காவுக்கு வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் உண்டு. இதை எழுத வேண்டாம் என்று இரண்டொருவர் சொன்னார்கள். ஏன் எழுதக் கூடாது? எனக்கும் மகளுக்கும் சோற்றைப் போட்டுவிட்டு, பானையில் மிச்சம் இல்லாத பொழுதெல்லாம் அவர் புகையிலையை அதக்கிக்கொண்டு பசியை அடக்கினார். பழக்கம் அப்படி வந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. அன்றைக்கு ஒரு படி கம்பு கொடுக்காதவர்கள்தான் வெட்கப்பட வேண்டும்.

நான் திண்டுக்கல்லுக்கு வந்து ரயில் கூட்செட்டில் மூட்டை தூக்கினேன். பிறகு மாட்டு வண்டி ஓட்டினேன். பிறகு சொந்த வண்டி. இன்றைக்கு மதுரை ரோட்டில் என் லாரிகள் போகாத நாள் கிடையாது. ஸ்டேஷனில் இறங்கி என் பெயரைச் சொன்னால் ஜட்காக்காரன் வழி கேட்காமல் என் வாசலில் கொண்டுவந்து நிறுத்துவான். எங்கள் வகையறாவில் முதலில் கார் வாங்கியவன் நான், முதலில் வீட்டுக்குக் கரண்டு இழுத்தவன் நான். எவனும் எனக்குக் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை, அக்காவைத் தவிர. மாடி வீடு கட்டியபோது அக்காவை இங்கேயே வந்துவிடச் சொன்னேன். "ஏலே, ஒன் வீட்டுல கத்தரிச் செடி வைக்க எடம் இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். வரவில்லை.

நாக்கின் ஓரத்தில் ஒரு புண் வந்தது. மணத்தக்காளிக் கீரை சாப்பிட்டார், தேன் தடவினார். ஊரில் ஒருவர் நாட்டு மருந்து என்று எதையோ வைத்து எரித்துவிட்டார். புண் பெரிதானது. எனக்குச் செய்தி தெரிந்தபோது அவரால் வாயைச் சரியாகத் திறக்க முடியவில்லை. அன்றைக்கே ரயில் ஏற்றி மதராஸுக்குக் கூட்டிப் போனேன். அங்கே பெரிய டாக்டர் பார்த்துவிட்டு இது புற்று என்றார். நாக்கில் ஏறக்குறையப் பாதியையும், தாடை எலும்பில் ஒரு துண்டையும் எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார். அக்கா, "எடுக்கட்டும்டா. நான் பேச்சக் கொறைச்சா ஊருக்கு நல்லதுதான்" என்றார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகு வந்ததுதான் பெரும் பாடு. அதை உங்களில் யாரும் பார்க்கவில்லை. பார்க்காமலே நிறையப் பேசினீர்கள்.

நமக்கு நாக்கு என்றால் பேசுவதற்கும் ருசி பார்ப்பதற்கும் என்றுதான் நினைப்பு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வாயில் போட்ட சோற்றைத் திரட்டி, உருட்டி, பின்னால் தள்ளித் தொண்டையில் இறக்கிவிடுவது நாக்கு. அது பாதி போய்விட்டால் சோறு கன்னத்துக்குள் ஒதுங்கி நிற்கும். அல்லது அதுவாகவே வழிந்து மூச்சுக்குழலுக்குள் போய்விடும். இதில் தண்ணீரும் பாலும்தான் பொல்லாதவை. பிரேக் இல்லாத வண்டி இறக்கத்தில் ஓடுகிற மாதிரி, நாம் தயாராவதற்கு முன்பே உள்ளே ஓடிவிடும். கெட்டியான கூழ் மெதுவாக வரும், சொன்ன பேச்சுக் கேட்கும்.

அங்கே இருந்த சிஸ்டரம்மா ஒருவர் அக்காவுக்கு விழுங்கக் கற்றுக் கொடுத்தார். மூக்கில் போட்டிருந்த குழாய் வழியாகத்தான் அதுவரை ஆகாரம். "நிமிந்து உக்காருங்கம்மா. நல்ல பக்கமாத் தலையச் சாய்ங்க. மூச்ச அடக்குங்க. முழுங்குங்க. இப்ப இருமுங்க. இன்னொரு தடவ முழுங்குங்க. அப்புறம் மூச்சு விடலாம்." ஒரு கரண்டிக் கூழுக்கு இத்தனை வேலை. முதல் முறை எல்லாம் மூக்கு வழியாக வெளியே வந்தது. அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மறுபடி" என்று சைகை காட்டினார். கிணற்றில் கயிறு அறுந்தாலும் அவர் இப்படித்தான், அடுத்த கயிற்றைத்தான் தேடுவார். குழாயை எடுத்த அன்று சிஸ்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் துடைத்துக்கொண்டேன். அக்கா மட்டும் அழவில்லை, இன்னும் ஒரு கரண்டி கேட்டார்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னைக் கூப்பிட்டு ஒன்றைச் சொன்னார். "இவங்களைப் படுக்க வச்சு ஒரு சொட்டுத் தண்ணிகூட வாயில ஊத்தக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் கூடாது." இதை நான் ஊருக்கு வந்து எல்லோரிடமும் சொன்னேன். வத்தலக்குண்டுச் சித்தப்பாவிடமும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

என் வீட்டுக்காரி கேழ்வரகுக் கூழை வெள்ளைத் துணியில் வடிகட்டிக் காய்ச்சக் கற்றுக்கொண்டு, சேவுகம்பட்டிக்குப் போய் அக்காவின் மகளுக்கும் சொல்லிக் கொடுத்தாள். பருப்பைக் கடைந்து, வாழைப்பழத்தை மசித்து, தொட்டுக்கொள்ளும் வெஞ்சனம் எதுவானாலும் அம்மியில் மைய அரைத்து அக்கா சாப்பிட்டார். நாம் ஒரு பந்தி உண்டு கை கழுவுகிற நேரத்தில் அவருக்குப் பாதிக் கிண்ணம்தான் காலியாகும். வாயோரம் வழியும் என்பதால் சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் உண்பார். தோட்டத்து வேலையை விடவில்லை. கத்தரிச் செடிக்கு நடுவே நின்று, அவருக்கே உரிய அந்தக் குழறிய பேச்சில் ஆட்களை வேலை வாங்கினார். அவர்களுக்கெல்லாம் புரிந்தது. புரியவில்லை என்று சொன்னவர்கள் சொந்தக்காரர்கள் மட்டும்தான்.

சிலர் அவருக்குத் தனி டம்ளர் வைத்தீர்கள். புற்று ஒட்டிக்கொள்ளும் என்று யாரோ சொன்னார்களாம். அந்த வீடுகளுக்கு அவர் பிறகு போகவில்லை. போகாததையும் குற்றமாகச் சொன்னீர்கள்.

வத்தலக்குண்டில் சித்தப்பா வீட்டுக் கல்யாணம். பந்தியில் உட்காராவிட்டால் பெண் வீட்டாருக்கு அவமானம் என்று சித்தப்பா கையைப் பிடித்து இழுத்து அக்காவை இலை முன்னால் உட்கார வைத்தார். அக்கா இலையைத் தொடவில்லை. சித்தி எல்லோர் காதிலும் விழும்படி, "தம்பி லாரி வாங்குன பெறகு நம்ம வீட்டுச் சோறு தொண்டையில எறங்கலையாக்கும்" என்றார்.

அக்கா திரும்பி, "எறங்கலதான் சின்னாத்தா. எதுனாலன்னு நீயே எட்டிப் பாரு" என்று சொல்லி வாயைத் திறந்து காட்டினார். பக்கத்து இலைக்காரர்கள் எழுந்து போய்விட்டார்கள். அக்கா இலையை மடக்கிவிட்டு வந்து என் காரில் உட்கார்ந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை.

இப்போது மழைக்காலத்தில் நடந்ததை எழுதுகிறேன். இதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. நான் லாரிக்கு டயர் வாங்க மதுரை போயிருந்தேன். அக்கா எப்போதும் சாய்ந்து உட்கார்ந்த மேனிக்குத்தான் தூங்குவார். காய்ச்சலில் சோர்ந்து அப்படியே தலையைத் தொங்கப் போட்டிருந்திருக்கிறார். மூச்சு கொரகொரவென்று இழுத்திருக்கிறது. தாடை எலும்பில் ஒரு துண்டு இல்லாதவருக்கு நல்ல நாளிலேயே அப்படித்தான் இழுக்கும். சித்தப்பா வந்து கையைப் பிடித்துப் பார்த்து, "நாடி விழுந்துருச்சு, ஆளுகளுக்குச் சொல்லி அனுப்புங்க" என்று சொல்லிவிட்டார். அவர் எந்த ஊரில் வைத்தியம் படித்தார் என்று எனக்குத் தெரியாது.

அவ்வளவுதான். ஊர் கூடிவிட்டது. உட்கார்ந்திருந்தவரைத் தெற்கே தலை வைத்து மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். போகிற உயிருக்குப் பால் ஊற்ற வேண்டும், ஊற்றாவிட்டால் ஏக்கத்தோடு போகும் என்பது நம் வழக்கம். நானும் அந்த வழக்கத்தில் பிறந்தவன்தான், அதைப் பழிக்கவில்லை. குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையை எங்கிருந்தோ எடுத்து வந்து, துளசி போட்ட பாலை ஆளுக்கு ஒரு மடக்கு வாயில் ஊற்றினார்கள். வரிசையில் நின்று ஊற்றினார்கள். அக்கா அழைத்தாலும் எட்டிப் பார்க்காதவர்கள்கூட அன்றைக்கு வரிசையில் நின்றார்கள்.

அக்கா கையை ஆட்டினார். வேண்டாம் என்று ஆட்டினார். தண்ணீருக்குள் முங்கிக்கொண்டிருக்கிற ஒரு மனுசி ஆட்டுகிற கை அது. சித்தி மாரில் அடித்துக்கொண்டு, "பாருங்கடி, மகராசி கையாட்டி விடை கேக்குறா" என்றாராம். சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் கதறியிருக்கிறார்கள். அந்தக் கை ஆடிய அளவுக்குப் பால் ஊற்றுவதும் கூடியிருக்கிறது. அக்காவின் மகள் மட்டும் மூலையில் நின்று, "ஊத்தாதீக, மாமா கூடாதுன்னு சொல்லிருக்காக" என்று கத்தியிருக்கிறாள். "பெத்த மகளுக்கே மனசு வரலையே" என்று அவள் வாயை அடைத்துவிட்டார்கள்.

திரும்பி வரும் வழியிலேயே பஸ் டிரைவர் ஒருவர் மூலம் செய்தி வந்து, காரை விரட்டிக்கொண்டு நான் உள்ளே நுழைந்தபோது அக்காவின் உதடு கருநீலமாகியிருந்தது. பாலாடையைத் தட்டிவிட்டேன். அவரைத் தூக்கி உட்கார வைத்து முன்னால் குனியப் பிடித்து முதுகில் தட்டினேன். மூக்கிலும் வாயிலும் பால் நுரைத்துக்கொண்டு வந்தது.

சித்தப்பா, "ஏலே, போற உசுர ஏன்டா இம்சை பண்ணுற?" என்றார்.

"போகலை சித்தப்பா. நீங்கதான் அனுப்பிக்கிட்டிருக்கீக" என்றேன்.

திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்துவிட்டு, "யாரு படுக்க வச்சு ஊத்துனது?" என்று கேட்டார்.

"சொந்தக்காரங்க சார்."

"எத்தனை பேரு?"

"ஊரே சார்."

அவர் குழலைக் கழற்றினார். "காய்ச்சல் சாதாரணக் காய்ச்சல்தான். ஊசி போட்டாப் போயிருக்கும். நுரையீரலுக்குள்ள பால் போயிருக்கு பாருங்க, இதுதான் ஆளைக் கொல்லும்."

அக்கா பிழைத்தார். அவரை அவ்வளவு சுலபத்தில் யாரும் கொன்றுவிட முடியாது. ஆனால் மறுபடி மூக்கில் குழாய். மறுபடி மூச்சை அடக்கு, விழுங்கு, இருமு. அவ்வளவு பாடுபட்டுக் கற்றதையெல்லாம் ஒரு மத்தியானத்தில் அழித்துவிட்டீர்கள். நெஞ்சு பழையபடி ஆகவே இல்லை. வாய் திறந்து பேச முடிந்த முதல் நாள் அக்கா என்னிடம் சொன்னது இது: "ஊருக்கே எம்மேல இம்புட்டுப் பாசமின்னு தெரியாமப் போச்சேடா. தெரிஞ்சிருந்தா ஓடி ஒளிஞ்சிருப்பேன்."

ஊரில் என்ன பேசினீர்கள்? "பால் ஊத்துன ராசிதான் பொழச்சுக்கிட்டா" என்றீர்கள். இதை என் காதுபடவே வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் ஒருவர் சொன்னார். அவர் வேட்டியைப் பிடித்துவிட்டேன். கண்டக்டர் வந்து விலக்கிவிட்டார்.

அதன் பிறகு அக்கா என் வீட்டிலேயே தங்கினார். மலைக்கோட்டை தெரிகிற ஜன்னல் பக்கம் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தேன். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "இனி எவனும் என் வாயில எதையும் ஊத்தக் கூடாது. நான் போறப்பவும் கூடாது. எதுன்னாலும் நானா முழுங்குவேன், இல்லாட்டி வேணாம்" என்றார். நான் கையடித்துச் சத்தியம் செய்தேன். "ஒன் சத்தியம் இருக்கட்டும். வாசல்ல நிக்கிறதுக்குத் தெம்பு இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். நான் மூட்டை தூக்கிய உடம்பு.

அடுத்த வருடம் நெஞ்சு அடைத்துக்கொண்டு வந்தது. இந்த முறை டாக்டரே கையை விரித்துவிட்டார். உறவுகள் வந்தன. சித்தப்பா கையில் செம்பு இருந்தது. நான் வாசலில் நின்றேன்.

"அப்பு, போன தடவை தெரியாம நடந்துபோச்சு. இது அப்பிடி இல்லை. நெசமாவே போகப்போறா. பால் ஊத்தாம அனுப்புனா ஊரு என்ன பேசும்?"

"என்னத்தையும் பேசட்டும் சித்தப்பா."

"ஒன் காசுத் திமிர எங்கிட்டக் காட்டாத."

"இந்தத் திமிரு எங்க அக்கா வளத்த திமிரு. நீங்க செத்த நேரம் அப்பிடி உக்காருங்க."

அவரை நிறுத்திவிட்டேன். அவருக்குப் பின்னால் வந்து நின்றவளை என்னால் நிறுத்த முடியவில்லை. அக்காவின் மகள் கையில் பால் டம்ளரோடு நின்றாள். அன்றைக்கு ஊரையே எதிர்த்துக் கத்தியவள் அவள். "மாமா, எனக்கு எல்லாம் தெரியும். ஆனா எங்கம்மாவுக்கு நான் ஒண்ணுமே கொடுக்காம அனுப்பணுமா? நாளைக்கு எம்மனசு கேக்குமா?" என்றாள். சத்தியம் ஒரு பக்கம், இந்தப் பெண்ணின் முகம் ஒரு பக்கம். லாரி ஆபீஸில் எந்தச் சண்டைக்கும் எனக்கு வார்த்தை பஞ்சமானதில்லை. அன்றைக்குப் பஞ்சமாகிவிட்டது. வழியை மறித்த கையை எடுக்கவும் இல்லை, மகளைப் போகச் சொல்லவும் இல்லை.

உள்ளேயிருந்து அக்கா கையைத் தட்டி மகளைக் கூப்பிட்டார். நாற்காலியில் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார். மகள் போய் மண்டி போட்டு உட்கார்ந்தாள். அக்கா அவள் கையிலிருந்த டம்ளரை வாங்கினார். அவரே குடிக்கப்போகிறார் என்று நினைத்து நான் பாய்ந்து போனேன். அக்கா என்னைப் பார்த்து, நில் என்று கண்ணைக் காட்டினார். டம்ளரை மகளின் உதட்டில் வைத்தார். மகள் அழுதுகொண்டே குடித்தாள். கடைசி மடக்கு வரைக்கும் அக்கா டம்ளரைச் சாய்த்துப் பிடித்துக் குடிக்க வைத்தார். பிறகு முந்தானையால் அவள் வாயைத் துடைத்துவிட்டார்.

அன்று உச்சி வெயில் ஏறுவதற்குள் அக்கா உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தார். அவர் தொண்டையில் ஒரு சொட்டும் சிக்கவில்லை.

மயானத்தில் ஆளுக்கு ஒரு பிடி வாய்க்கரிசி போட்டீர்கள். நான் தடுத்தேனா? தடுக்கவில்லை. அது அக்காவை ஒன்றும் செய்யாது. உயிரோடு இருந்தவரைத்தான் நான் காத்தேன். "தாய்க்குச் சமமானவளைப் பால் ஊற்றாமல் அனுப்பினான்" என்று ஓராண்டாக வீட்டுக்கு வீடு பேசியவர்களுக்கு இதுதான் என் பதில். பால் உண்டு. அதைக் கொடுத்தவர் அக்கா. குடித்தவள் அவர் மகள். வேறு யாருக்கும் அதில் வேலை இல்லை.

இனி நன்றி. மதராஸில் அக்காவுக்கு விழுங்கச் சொல்லிக் கொடுத்த சிஸ்டரம்மாவுக்கு, அவர் எங்கிருந்தாலும், இந்த மலர் போய்ச் சேரும்படி ஏற்பாடு செய்திருக்கிறேன். உயிரைக் காத்துக் கொடுத்த டாக்டர்மாருக்கும், அன்றைக்கு எனக்காக வண்டியை நிறுத்திச் செய்தி சொன்ன பஸ் டிரைவருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. கடைசி வரைக்கும் கூழ் வடிகட்டிக் கொடுத்த என் வீட்டுக்காரிக்கு நான் நேரில் நன்றி சொன்னதில்லை. இங்கே சொல்கிறேன், அவளுக்கு யாராவது படித்துக் காட்டுங்கள்.

சித்தப்பாவுக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். அவர் கெட்டவர் இல்லை. அதனால்தான் எனக்குக் கோபம் ஆறவில்லை. கெட்டவர் ஊற்றியிருந்தால் போலீசுக்குப் போயிருப்பேன். அன்போடு ஊற்றியவரை நான் எங்கே கொண்டுபோய் நிறுத்துவேன்?

இன்று மதியம் திண்டுக்கல்லில் என் வீட்டில் சாப்பாடு. எல்லோரும் வர வேண்டும், கோபித்துக்கொண்டவர்களும் வர வேண்டும். கெட்டியாகக் காய்ச்சி வடிகட்டிய கூழ் ஒரு பாத்திரத்தில் தனியாக இருக்கும். பந்தியில் ஒருவர் இலையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தால், ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. வற்புறுத்திப் பரிமாறுகிறவர் யாராக இருந்தாலும், அவர் கையிலிருந்து கரண்டியை நானே வாங்கிவிடுவேன்.